கள்ளிக்கட்டை குழந்தையாகும் இடம்

திருத்தணிக்குக் கிழக்கே, திருவாலங்காட்டை ஒட்டிப் பழையனூர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. யாராவது பொய்யாக அழுதால் ‘நீலிக் கண்ணீர்’ என்கிறோமே, அந்த நீலி இந்த ஊர்க் கதையில் வருகிறவள்தான். கதை பல வடிவங்களில் வழங்குகிறது. நான் பிள்ளைகளுக்குச் சொல்லும் வடிவம் இது.

முற்பிறவியில் கணவன் கையால் செத்த ஒருத்தி பேயாகத் திரிகிறாள். அவன் மறுபடி பிறந்து, வணிகனாகி, ஊர் ஊராகப் போய் வியாபாரம் செய்கிறான். அவனிடம் ஒரு மந்திரக் கத்தி இருக்கிறது. அது கையில் உள்ளவரை பேய் அண்டாது. அவன் பழையனூரை நெருங்கும்போது நீலி அவன் மனைவியின் உருவத்தை எடுக்கிறாள். வழியோரத்துக் கள்ளியில் ஒரு கட்டையை ஒடித்து இடுப்பில் வைக்கிறாள். கட்டை குழந்தையாகிறது. குழந்தையும் கையுமாக ஊர்ச்சபையில் போய் நின்று, ‘கட்டிய மனைவியைக் கைவிட்டுப் போகிறார்’ என்று அழுகிறாள். ‘இவள் என் மனைவி இல்லை, பேய்’ என்று வணிகன் கதறுகிறான். அந்த நேரம் பார்த்துக் குழந்தை ‘அப்பா’ என்று ஓடிப்போய் அவன் மடியில் ஏறிக்கொள்கிறது. சபையில் இருந்த வேளாளர் எழுபது பேருக்கும் அதற்கு மேல் சாட்சி தேவைப்படவில்லை. இருவரையும் ஓர் அறையில் தங்கச் சொல்கிறார்கள். ‘அவர் கையில் கத்தி இருக்கிறது, என்னைக் கொன்றுவிடுவார், வாங்கி வையுங்கள்’ என்கிறாள் நீலி. ‘உன் உயிருக்கு ஒன்று நேர்ந்தால் நாங்கள் எழுபது பேரும் உயிரை விடுகிறோம்’ என்று வணிகனுக்கு வாக்குக் கொடுத்துக் கத்தியை வாங்கிவிடுகிறார்கள். விடிந்து பார்த்தால் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். சொன்ன சொல் தவறாமல் எழுபது பேரும் தீயில் இறங்குகிறார்கள்.

ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய திருவாலங்காட்டுப் பதிகத்திலேயே இந்தக் கதையின் குறிப்பு வருகிறது. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் இதைக் கேட்டுப் பயந்து போர்வைக்குள் முகம் புதைத்திருக்கிறார்கள்.

திருத்தணி மலையடிவாரத்தில் ஒரு வீட்டுத் திண்ணையில் சனிக்கிழமை மாலைகளில் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் கூடுவார்கள். மர்மக் கதையும் மாயக் கதையும் எழுதிப் பழகுகிறோம். முதல் நாள் நான் இந்தக் கதையைத்தான் சொன்னேன். கத்தியை வாங்கும் இடத்தில் நிறுத்தி, “அந்தச் சபையில நீங்க இருந்திருந்தா கத்தியை வாங்கியிருப்பீங்களா?” என்று கேட்டேன். “மாட்டோம்!” என்று எல்லாரும் ஒரே குரலில் கத்தினார்கள். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் சற்று யோசித்துவிட்டு, “வாங்கியிருப்போம் சார். அது பேயின்னு நமக்குத்தான தெரியும்? அவங்களுக்குத் தெரியாதே” என்றான்.

மர்மக் கதை எழுதத் தேவையான பெரிய ரகசியம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. யாருக்கு என்ன தெரியும், யாருக்கு என்ன தெரியாது என்ற கணக்குதான் மர்மம். அந்தக் கணக்கைப் போடும் திறமை நம்மோடு பிறப்பதில்லை. அது மனித மூளையில் ஒரு குறிப்பிட்ட பருவத்தில் முளைக்கிறது.

1983இல் ஹைன்ஸ் விம்மர், யோசெஃப் பெர்னர் என்ற இரு உளவியலாளர்கள் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு குட்டிக் கதையைச் சொல்லிக் காட்டினார்கள். மாக்ஸி என்ற பையன் சாக்லேட்டை ஓர் அலமாரியில் வைத்துவிட்டு விளையாடப் போகிறான். அவன் இல்லாதபோது அம்மா அதை எடுத்து வேறு அலமாரியில் வைத்துவிடுகிறாள். மாக்ஸி திரும்பி வந்ததும் எந்த அலமாரியைத் திறப்பான்? மூன்று வயதுக் குழந்தைகள் பெரும்பாலும் சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே காட்டினார்கள். தங்களுக்குத் தெரிந்தது மாக்ஸிக்கும் தெரிந்திருக்கும் என்பது அவர்கள் நினைப்பு. நாலு, நாலரை வயதைத் தாண்டும்போது இது மெல்ல மாறுகிறது. ‘அவனுக்குத் தெரியாது, பழைய இடத்தில்தான் தேடுவான்’ என்று குழந்தை சொல்லத் தொடங்குகிறது. தான் அறிந்த உண்மையை ஒரு பக்கம் வைத்துவிட்டு, இன்னொருவன் மனத்தில் இருக்கும் தவறான எண்ணத்துக்குள் போய் உட்காரத் தெரிந்துவிட்டது என்று அர்த்தம். உளவியலில் இதை ‘மனக் கோட்பாடு’ என்கிறார்கள்.

மூன்று வயதுக் குழந்தையிடம் நீலி கதையைச் சொன்னால், எழுபது பேர் ஏன் ஏமாந்தார்கள் என்பது அதற்கு எளிதில் எட்டாது. ஆறு வயதுக் குழந்தைக்கு அங்கேதான் நெஞ்சு படபடக்கும். கத்தியை நீட்டும் கையைப் பிடித்துத் தடுக்க முடியவில்லையே என்ற தவிப்பு அது. நமக்குத் தெரிந்ததை அவர்களிடம் சொல்ல வழியில்லை என்பதிலிருந்து பிறக்கிற தவிப்பு.

கேட்கத் தெரிந்த பிள்ளைக்கு எழுதும்போது இது உடனே கைவருவதில்லை. பிள்ளைகள் எழுதும் முதல் மர்மக் கதை ஏறக்குறைய எப்போதும் ஒரே மாதிரி இருக்கிறது. ‘ஒரு வீட்டில் நகை காணாமல் போச்சு. அப்புறம் போலீஸ் வந்துச்சு. அப்புறம் திருடனைக் கண்டுபிடிச்சாங்க.’ ‘அப்புறம்’ என்ற சொல்லில் வண்டி ஓடிவிடும். கனடாவைச் சேர்ந்த கார்ல் பெரைட்டரும் மார்லின் ஸ்கார்டமாலியாவும் 1987இல் எழுதிய நூலில் இதை நுட்பமாக விளக்கியிருக்கிறார்கள். எழுதப் பழகுகிறவர்கள் மனத்தில் அடுத்து என்ன தோன்றுகிறதோ அதை எழுதுகிறார்கள். தேர்ந்தவர்கள் படிப்பவருக்கு என்ன தெரியவேண்டும் என்று பார்த்துத் தமக்குத் தெரிந்ததை மாற்றி அடுக்குகிறார்கள். மர்மக் கதை இந்த இரண்டாவது வேலையைச் செய்யாமல் நகராது. அதனால்தான் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்றுத்தர அதைவிடச் சிறந்த பயிற்சி இல்லை என்று நம்புகிறேன். ‘என் பள்ளி’, ‘மழைநாள்’ என்ற தலைப்புகளில் இருபது கட்டுரை எழுதினாலும் வராத ஒரு விழிப்பு, ஒரு திருட்டுக் கதை எழுதினால் வந்துவிடும்.

ஆகவே திண்ணையில் கதையைப் பின்னாலிருந்து தொடங்கச் சொல்வேன். முதலில் நிஜமாக என்ன நடந்தது என்று எனக்கு மட்டும் காதில் சொல்லவேண்டும். யார் எடுத்தது, எப்படி, ஏன், எங்கே வைத்தது. அது முழுதாகக் கையில் வந்தபிறகு, அதில் எந்தத் துணுக்கு யார் கண்ணில் பட்டது என்று பிரிக்கவேண்டும். அப்புறம்தான் பேனா.

தடயம் வைப்பதற்கு நம்மிடம் அருமையான பழைய பாடம் ஒன்று உண்டு. அலகேசராசன் கதை, நான்கு மந்திரிகள் கதை என்றெல்லாம் தமிழில் வழங்கியது. தொலைந்த ஒட்டகத்தைத் தேடி வரும் ஒருவனிடம் நான்கு பேர், அது நொண்டியா, ஒரு கண் குருடா, வால் குட்டையா, வயிற்று நோய் உண்டா என்று ஆளுக்கொன்று கேட்கிறார்கள். ஆனால் ஒட்டகத்தைப் பார்க்கவே இல்லை என்கிறார்கள். திருடர்கள் இவர்களே என்று அரசனிடம் வழக்குப் போகிறது. விடை எளிமையானது. மண்ணில் மூன்று காலின் தடம்தான் சரியாகப் பதிந்திருந்தது. பாதையின் ஒரு பக்கத்து இலைகள் மட்டும் கடிக்கப்பட்டிருந்தன. வழியெல்லாம் ரத்தத் துளிகள்; கொசு கடித்தால் விரட்ட வால் எட்டவில்லை. முன்னங்கால் அழுந்தியும் பின்னங்கால் பட்டும் படாமலும் பதிந்திருந்தன. வயிற்றை எக்கிக்கொண்டு நடந்திருக்கிறது.

இந்தக் கதைக்கு உலகமெங்கும் உறவினர் உண்டு. இலங்கைக்கு ‘சேரன்தீப்’ என்ற பழம்பெயர் இருந்தது. அந்த நாட்டு இளவரசர்கள் மூவர் இதேபோல் ஒட்டகத்தைத் துப்பறியும் கதை 1557இல் வெனிஸ் நகரில் இத்தாலிய மொழியில் அச்சானது. அதைப் படித்த நினைவில்தான் ஹொரேஸ் வால்போல் என்ற ஆங்கிலேயர் 1754இல் ‘செரண்டிபிட்டி’ என்ற சொல்லை உருவாக்கினார். தேடாமல் கிடைக்கும் நல்ல கண்டுபிடிப்புக்கு விஞ்ஞானிகள் இன்று அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறார்கள். நான்கு மந்திரிகள் கதையை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் பெயர்த்தவர் எஸ்.எம். நடேச சாஸ்திரி. அவரே 1894இல் ‘தானவன்’ என்ற துப்பறியும் நூலையும் எழுதினார். தமிழில் அந்த வகையின் தொடக்ககால முயற்சிகளில் அது ஒன்று. ஒட்டகத்தின் தடத்தைப் பின்தொடர்ந்தவர் துப்பறியும் கதைக்கு வந்து சேர்ந்தது எனக்கு மிக இயல்பாகப் படுகிறது.

நல்ல தடயம் என்பது படிப்பவரின் கண் முன்னால் கிடக்கவேண்டும், ஆனால் அவர் அதைத் தாண்டிப் போய்விடவேண்டும். இதைச் சொல்லிப் புரியவைப்பது கடினம். நீலியின் எழுபது பேருக்காகப் பேசிய அந்தப் பையன் எழுதிய கதையைத்தான் இப்போது மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுகிறேன். அவன் குடும்பம் பொதட்டூர்பேட்டைப் பக்கம். அங்கே தெருவெல்லாம் தறி ஓசைதான். கதையில் நெய்து முடித்த சேலைக்கட்டு ஒன்று ராத்திரியில் காணாமல் போகிறது. பக்கத்து வீட்டுக்காரர், ‘நான் விடிய விடியத் தறியில இருந்தேன், எனக்கு ஒண்ணும் தெரியாது’ என்கிறார். இரண்டாவது பத்தியில், அந்தத் தெருவை வருணிக்கும் இடத்தில், ‘எதிர்வீட்டுக் கைக்குழந்தை ராத்திரி ரெண்டு மணிக்கு எழுந்து அழுதது’ என்று ஒரு வரி. கேட்டுக்கொண்டிருந்த யாரும் அதைக் கவனிக்கவில்லை. நானும் கவனிக்கவில்லை. கடைசியில் பாட்டி சொல்கிறாள்: ‘பொறந்ததிலேருந்து தறி சத்தத்துலயே தூங்கின புள்ள அது. தறி நின்னாத்தான் முழிக்கும்.’

கேட்ட நாளில் எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஆர்தர் கானன் டாயில் 1892இல் எழுதிய ஒரு ஷெர்லாக் ஹோம்ஸ் கதையில், இரவில் நாய் குரைக்கவில்லை என்பதே தடயம். இல்லாத ஓசை ஒரு சாட்சி. அந்தக் கதையை இந்தப் பையன் படித்ததில்லை. தறி வீட்டில் பிறந்தவனுக்கு மட்டும் தெரிந்த ஓர் உண்மையைக் கொண்டு அதே இடத்துக்குத் தானே வந்து சேர்ந்திருக்கிறான்.

மர்மம் ஏன் இப்படி நம்மை இழுக்கிறது? ஜார்ஜ் லோவன்ஸ்டைன் என்ற ஆய்வாளர் 1994இல் ஒரு விளக்கம் தந்தார். நமக்குத் தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவில் ஓர் இடைவெளி தென்படும்போது அது அரிப்பைப்போலத் தொல்லை தருகிறது. ஆர்வம் என்பது அந்த அரிப்பு. ஒன்றுமே தெரியாத விஷயத்தில் ஆர்வம் பிறக்காது, கொஞ்சம் தெரிந்திருக்கவேண்டும். ‘அம்புலிமாமா’ படித்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். அந்த இதழில் வரும் வேதாளம் முழுக்கதையையும் சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வியை மட்டும் பாக்கி வைக்கும். அந்தக் கேள்வியோடு பக்கத்தைத் திருப்பிய வேகம் கைகளுக்கு இன்னும் நினைவிருக்கும்.

அந்த அரிப்பு மூளையில் செய்யும் வேலை வியப்பானது. 2014இல் கலிஃபோர்னியாவில் மத்தியாஸ் குரூபர் குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். ஒருவரிடம் கேள்வி ஒன்றைக் கேட்டுவிட்டு விடையைச் சற்றுத் தாமதித்துக் காட்டுவார்கள். நடுவில், கேள்விக்குச் சம்பந்தமில்லாத யாரோ ஒருவரின் முகம் திரையில் வந்து போகும். விடைக்காகத் துடித்துக்கொண்டிருந்த நேரத்தில் பார்த்த முகங்கள், சுவாரசியம் இல்லாமல் காத்திருந்தபோது பார்த்த முகங்களைவிட நன்றாக நினைவில் நின்றன. அடுத்த நாள் கேட்டபோதும் அப்படித்தான். ஆர்வம் என்ற கதவு திறந்திருக்கும்போது, நாம் அழைக்காத விஷயங்களும் உள்ளே வந்து தங்கிவிடுகின்றன. மர்மக் கதைக்குள் ஒரு பிள்ளை தன் தெருவையும் பாட்டியையும் தறியையும் எழுதினால், படிக்கும் இன்னொரு பிள்ளைக்கு அவை மறப்பதில்லை.

மாயக் கதைக்கு வருகிறேன். இங்கே பெரியவர்களிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. குழந்தைகளுக்குக் கற்பனை ஊற்றுப்போலப் பொங்கும், நாம் குறுக்கே நிற்காவிட்டால் போதும் என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். முதல் மாதம் ‘என்ன வேணும்னாலும் எழுதுங்க, எதுவும் நடக்கலாம்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வந்தவை எல்லாம் பறக்கும் மனிதன், தொலைக்காட்சியில் பார்த்த ராட்சசன், கடைசி வரியில் ‘எல்லாம் கனவு’.

2013இல் டீனா வைஸ்பெர்க் குழுவினர் நாலு வயதுக் குழந்தைகளிடம் பாதிக் கதையைச் சொல்லி, அடுத்து என்ன நடக்கலாம் என்று தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். மாய நிகழ்ச்சிகள் நிறைந்த கதைக்கும் குழந்தைகள் சாதாரணமான, வீட்டில் நடக்கக்கூடிய தொடர்ச்சியையே விரும்பினார்கள். மாயக் கதைக்கு மாயமான தொடர்ச்சியைத் தேர்ந்தவர்கள் பெரியவர்கள். ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1930இலேயே இதற்குக் காரணம் சொல்லியிருந்தார். கற்பனை என்பது அனுபவத்தின் துண்டுகளைப் பிரித்து வேறு விதமாகக் கோப்பது. குழந்தையின் பெட்டியில் துண்டுகள் குறைவு. பெட்டி நிறைய நிறையத்தான் கற்பனையும் வளமாகும்.

ஆனட் கார்மிலாஃப்-ஸ்மித் என்ற உளவியலாளர் 1990இல் பிள்ளைகளை ‘உலகத்திலேயே இல்லாத ஒரு வீடு’, ‘உலகத்திலேயே இல்லாத ஒரு மனிதன்’ என்று வரையச் சொன்னார். ஐந்து வயதையொட்டிய சின்னவர்கள் உருவத்தை நீட்டினார்கள், குறுக்கினார்கள், ஒரு காலை விட்டுவிட்டார்கள். எட்டு, ஒன்பது, பத்து வயதினர்தான் ஒன்றின் உறுப்பை இன்னொன்றில் ஒட்டவும், இடம் மாற்றிப் பொருத்தவும் துணிந்தார்கள். நம் கோயில் தூணில் நிற்கும் யாளியை நினைத்துப் பாருங்கள். சிங்க உடம்பில் யானைத் துதிக்கை. அந்தச் சிற்பி செய்தது பத்து வயதில் பிள்ளைக்கு அரும்பும் அந்தத் துணிச்சலின் முதிர்ச்சிதான். நான் பிள்ளைகளிடம் யாளியைக் காட்டி, ‘இதுல நிஜமில்லாத உறுப்பு ஒண்ணு காட்டு’ என்பேன். தேடித் தேடிப் பார்ப்பார்கள். நகம், பிடரி, தந்தம், வால் எல்லாம் நிஜம். சேர்ந்திருப்பதுதான் மாயம்.

இதற்கும் அடியில் இன்னும் ஆழமான ஓர் உண்மை இருக்கிறது. மூளையின் உட்புறத்தில் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி, கடல் குதிரை போல் வளைந்து கிடக்கிறது. நேற்று நடந்ததை நினைவில் பதிக்கும் வேலை அதைச் சேர்ந்தது. அது சேதமானவர்களுக்குப் புதிய நினைவு தங்காது என்பது முன்பே தெரியும். 2007இல் லண்டனில் டெமிஸ் ஹஸ்ஸாபிஸும் எலினார் மகுவைர் குழுவினரும் அப்படிப்பட்ட ஐந்து நோயாளிகளிடம் நடந்ததைக் கேட்காமல், நடக்காத ஒன்றைக் கேட்டார்கள். வெள்ளை மணல் கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து சொல்லுங்கள் என்றார்கள். பெரும்பாலோரால் முடியவில்லை. ஏதோ நீலம் தெரிகிறது, ஏதோ ஓசை கேட்கிறது என்று துண்டு துண்டாக வந்ததே தவிர ஓர் இடமாகச் சேரவில்லை. நினைவுகூர்வதற்கும் கற்பனை செய்வதற்கும் மூளை ஒரே பட்டறையைப் பயன்படுத்துகிறது. (அந்த ஹஸ்ஸாபிஸ்தான் பின்னாளில் செயற்கை நுண்ணறிவுத் துறைக்குப் போய், 2024இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றவர்.) திருத்தணி மலைப் படியேறும்போது பூக்கூடையின் ஈரத்தையும், மொட்டையடித்த தலையில் பூசிய சந்தனத்தின் வாசனையையும் கவனித்து வைத்திருக்கும் பிள்ளை, இல்லாத ஊர் ஒன்றைக் கட்டுவதற்குச் செங்கல் சேர்த்து வைத்திருக்கிறது.

அதனால் இரண்டாவது மாதத்திலிருந்து ‘எதுவும் நடக்கலாம்’ என்பதைக் கைவிட்டேன். ‘ஒண்ணே ஒண்ணு மட்டும் மாறலாம்’ என்றேன். இதற்கும் ஆதாரம் இருக்கிறது. ஆரா நொரென்சயான் குழுவினர் 2006இல் கிரிம் சகோதரர்கள் தொகுத்த கதைகளில் உலகப் புகழ் பெற்றவற்றையும், அச்சில் கிடந்தும் யாரும் அறியாதவற்றையும் ஒப்பிட்டார்கள். மக்கள் நினைவில் நின்ற கதைகளில் இயற்கைக்கு மாறான விஷயங்கள் பெரும்பாலும் இரண்டோ மூன்றோதான் இருந்தன. மாயம் அளவு மீறிய கதைகள் நிற்கவில்லை. நீலி கதையிலும் எண்ணிப் பாருங்கள். ஒரு பேய், ஒரு கத்தி, குழந்தையாகும் ஒரு கட்டை. மற்றதெல்லாம் ஊர்ச்சபை, சாட்சி, வாக்கு, குடும்ப வழக்கு. பழையனூரில் எந்த நாளும் நடந்திருக்கக்கூடியவை.

அந்தக் கள்ளிக்கட்டையில் சற்று நிற்க ஆசை. ஒன்றரை, இரண்டு வயதில் ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் ஒரு நாள் அதைச் செய்கின்றன. தலையணையை மடியில் போட்டுத் தாலாட்டும். வாழைப்பழத்தைக் காதில் வைத்து ‘அல்லோ’ என்னும். அது பழம் என்றும் குழந்தைக்குத் தெரியும், போன் என்றும் தெரியும். இரண்டையும் குழப்பிக்கொள்வதில்லை, பசித்தால் உரித்துத் தின்றுவிடும். உலகத்தைச் சரியாகப் புரிந்துகொள்ளவேண்டிய வயதில், பொருளை வேறொன்றாகப் பாவிக்கும் இந்த விளையாட்டு ஏன் முளைக்கிறது என்று ஆலன் லெஸ்லி என்ற உளவியலாளர் 1987இல் கேட்டார். அவர் சொன்ன பதில்: ஒரு விஷயத்தை நிஜத்திலிருந்து கழற்றி, தனியாக வைத்துக் கையாளும் திறன் அது. பிற்பாடு இன்னொருவர் மனத்தைப் புரிந்துகொள்வதற்கும் அதே திறன்தான் அடிப்படை. தலையணைத் தாலாட்டும் நீலியின் எழுபது பேரும் ஒரே வேரில் வந்தவை.

இத்தாலியில் ஜானி ரொடாரி என்றொரு எழுத்தாளர் இருந்தார். 1970இல் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் விருது பெற்றவர். 1972 மார்ச்சில் ரெஜ்ஜோ எமிலியா நகரத்து ஆசிரியர்களோடு ஒரு வாரம் உட்கார்ந்து, கதை எப்படிப் பிறக்கிறது என்று பேசினார். அடுத்த ஆண்டு அது ‘கற்பனையின் இலக்கணம்’ என்ற நூலாயிற்று. அவர் வழி மிக எளிது. ஒன்றுக்கொன்று உறவில்லாத இரண்டு சொல்லை எடு. நாய், அலமாரி. நடுவில் வேற்றுமை உருபை மாற்றி மாற்றிப் போடு. நாயின் அலமாரி, அலமாரியில் நாய், நாயோடு அலமாரி. எங்கோ ஓரிடத்தில் பொறி பறக்கும். வேற்றுமை உருபுகள் சொல்லின் வாலிலேயே ஒட்டிக்கொள்ளும் நம் மொழியில் இந்த விளையாட்டு இன்னும் நன்றாக ஓடுகிறது. இலக்கண வகுப்பில் ஐ, ஆல், கு என்று ஒப்பித்த பிள்ளைகள், ‘காவடிக்கு ரயில்’ ‘ரயிலால் காவடி’ என்று கத்திச் சிரித்ததை நீங்கள் கேட்டிருக்கவேண்டும்.

எழுதவைப்பதற்கு முன் சொல்லவைக்கவேண்டும். இது மிக முக்கியம். கையெழுத்தும் எழுத்துப் பிழையும் சின்னப் பிள்ளையின் கவனத்தையெல்லாம் தின்றுவிடுகின்றன. சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதிக்கொண்டால் பிள்ளைகளின் கதை நீளமாக வருகிறது என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. சிகாகோவில் விவியன் பேலி என்ற ஆசிரியை பல ஆண்டுகள் மழலைப் பிள்ளைகள் சொன்ன கதைகளை அப்படியே எழுதி, அன்றே வகுப்பில் அவர்களை நடிக்கவைத்தார். நான் சிறுவனாக இருந்தபோது மேல்நோக்கிப் பெய்யும் மழையைப் பற்றி எழுதிய பக்கம், எட்டு ஒற்றுப் பிழைக்காகச் சிவப்பு மையால் குறுக்கே கோடு போட்டுத் திரும்பி வந்தது. மழை எங்கே போயிற்று என்று யாரும் கேட்கவில்லை. பிழையைத் திருத்தத்தான் வேண்டும், கதை முடிந்த பிறகு.

முதலில் சொல்லவைப்பதற்குத் திருத்தணியில் இன்னொரு காரணமும் உண்டு. 1960 ஏப்ரல் முதல் தேதிவரை இந்த ஊர் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி.யும் மங்கலங்கிழாரும் முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு தமிழகத்துக்கு வந்தது. கோடு மாறியது, வீடுகளில் மொழி மாறவில்லை. திண்ணைக்கு வரும் பிள்ளைகளில் மூன்று பேர் வீட்டில் பேசுவது தெலுங்கு. பாட்டி கதையைத் தெலுங்கில் கேட்டு, தமிழில் எழுதுகிறார்கள். 1947 ஜூலையில் சென்னையிலிருந்து ஒரே நேரத்தில் தெலுங்கில் ‘சந்தமாமா’வாகவும் தமிழில் ‘அம்புலிமாமா’வாகவும் பிறந்த அந்த இதழ் செய்ததைத்தான் இந்தப் பிள்ளைகள் தினமும் தலைக்குள் செய்கிறார்கள். ‘முதல்ல எந்த மொழியில வருதோ அதுல சொல்லு’ என்பேன். ராகமாக ஒரு தெலுங்கு வாக்கியம் வரும், பின்னாலேயே தமிழ் வரும். இரண்டாவது முறை சொல்லும்போது கதை சற்றுத் திருந்தியிருக்கும்.

இப்போது ஓர் ஆறாம் வகுப்புச் சிறுமியின் நோட்டு என் முன்னால் இருக்கிறது. திருத்தணி மலைக்கு 365 படிகள், ஆண்டின் ஒரு நாளுக்கு ஒரு படி என்பது ஊர்க் கணக்கு. டிசம்பர் 31 இரவு படித் திருவிழாவில் ஒவ்வொரு படிக்கும் பூசை செய்து திருப்புகழ் பாடி ஏறுவார்கள். அவள் குடும்பமும் ஏறும். ‘ஒண்ணே ஒண்ணு மட்டும் மாறலாம்’ என்று நான் சொன்ன அன்று அவள் வெகுநேரம் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: “லீப் வருஷத்துல ஒரு நாள் கூட வருதே சார், அந்த நாளுக்கு எந்தப் படி?”

எத்தனையோ முறை அந்தப் படிகளில் ஏறியிருக்கிறேன். எனக்கு இந்தக் கேள்வி தோன்றியதில்லை.

அவள் கதையில் 366ஆவது படி, நாலு வருடத்துக்கு ஒருமுறை, பிப்ரவரி 29 அன்று மட்டும் முளைக்கிறது. எங்கே முளைக்கும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் ஏறுகிறவர்கள் யாரும் எண்ணுவதில்லை. பூக்கட்டும் அக்கா ஒருத்தி தன் இடத்திலிருந்து தினமும் கண்ணுக்குத் தெரிந்த படிகளை எண்ணும் பழக்கம் உடையவள். 2024இல் அந்த வியாழக்கிழமை அவள் கணக்கில் ஒன்று அதிகம். அன்றைக்கு ஏறிய ஒரு தாத்தா இறங்கி வரவில்லை. கோயிலில் இந்திரன் முருகனுக்குச் சீராகக் கொடுத்த ஐராவதம் வெளிப்பக்கம் பார்த்து நிற்கிறது. தன் செல்வம் குறையாதிருக்க யானை தன் திசை நோக்கி நிற்கவேண்டும் என்று இந்திரன் வேண்டிக்கொண்டதாகப் புராணம். அவள் நோட்டில் யானை பார்த்துக்கொண்டிருப்பது இந்திர லோகத்தை இல்லை, அந்தப் படியை. நான்கு பக்கம் வந்திருக்கிறது. எட்டு ஒற்றுப் பிழைக்கு மேலேயே இருக்கும். நான் தொடவில்லை.

தாத்தா எங்கே போனார் என்று போன வாரம் கேட்டேன். “எனக்குத் தெரியும், சொல்லமாட்டேன்” என்றாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவோடு போய்ப் படிகளை நிஜமாகவே ஒவ்வொன்றாக எண்ணிவிட்டு வந்ததாகவும் சொன்னாள். எத்தனை வந்தது என்று கேட்டேன். நோட்டை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

“அஞ்சாவது பக்கத்துல இருக்கும் சார். எழுதி முடிச்சிட்டுக் குடுக்கறேன், படிச்சிக்குங்க.”